சிரை எளிதில் கிடைக்காதவர்களுக்கு மீயொலி உதவியுடன் ஊசிக்குழல் பொருத்துதல்

'நரம்பு கிடைக்கவில்லை' என்ற சொல்லை மருத்துவமனையில் கேட்காத குடும்பம் அரிது. குளுக்கோஸ் ஏற்றவோ, ஊசி மருந்து செலுத்தவோ, இரத்தம் ஏற்றவோ ஒரு கையில் குத்திப் பார்த்து, அது தவறி, மறு கையில் முயன்று, அதுவும் தவறி, பிறகு வேறொருவர் வந்து பார்ப்பது உள்நோயாளர் பகுதிகளில் அன்றாடக் காட்சி. மக்கள் இங்கு நரம்பு என்று குறிப்பிடுவது உண்மையில் சிரை எனப்படும் இரத்தக் குழாயாகும். உடலின் பகுதிகளிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்வது சிரை. உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நரம்பு வேறு. இவ்வேறுபாடு பின்னர் ஓரிடத்தில் தேவைப்படும் என்பதால் இக்கட்டுரை முழுவதிலும் சிரை என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது. அச்சிரைக்குள் பொருத்தப்படும் மென்மையான நெகிழிக் குழாயே ஊசிக்குழல். வார்டுகளில் இதனை வென்ஃப்ளான் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கும் தட்டுப்படாத சிரையை மீயொலிக் கருவியின் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) திரையில் பார்த்தபடியே ஊசிக்குழலைப் பொருத்த இயலும். இம்முறை எவருக்கு உதவும், எவருக்குப் பொருந்தாது, நீங்கள் எந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பவற்றை இங்கே காணலாம்.

சிரை ஏன் கிடைப்பதில்லை?

சிரையே இல்லாத உடல் கிடையாது. கையில் சிரைகள் இரண்டு அடுக்காக அமைந்துள்ளன. தோலுக்கு அடியில் ஓடுபவை ஒன்று. கொழுப்புக்கும் தசைக்கும் இடையே ஆழத்தில் ஓடுபவை மற்றொன்று. வழக்கமாக ஊசி குத்தப்படுவது முதல் அடுக்கில். அந்த அடுக்கு மறைந்தோ, சுருங்கியோ, தழும்பேறியோ இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

உடல் பருமன் உள்ளவர்களுக்கும், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாற்றால் கை வீங்கியவர்களுக்கும் சிரை ஆழத்தில் மறைகிறது. கடும் வயிற்றுப்போக்கு, டெங்கு, கடுமையான நோய்த்தொற்று ஆகியவற்றில் இரத்த ஓட்டத்தில் நீர் குறைவதால் சிரை தட்டையாகிவிடுகிறது. டெங்குவில் தட்டணுக்களும் குறைந்திருந்தால், தவறிய ஒவ்வொரு குத்தும் பெரிய இரத்தக்கட்டாக மாறும். குளிரும் அச்சமும்கூடச் சிரையைச் சுருக்கும். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து பெற்றவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள், நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல ஆண்டுக் குத்துகளால் சிரைகள் கயிறுபோல் இறுகியிருக்கும். முதியவர்களின் நிலை வேறு. அவர்களின் சிரை புறங்கையில் நன்றாகவே தெரியும். ஆயினும் சுற்றியுள்ள திசு தளர்ந்திருப்பதால் ஊசி பட்டவுடன் நழுவும், அல்லது உடையும். 'நரம்பு ஓடுகிறது' என்று செவிலியர் சொல்வது இதைத்தான்.

ஆகவே, பல முறை தவறுவதைப் பணியாளரின் கவனக்குறைவு என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அதே வேளையில், அதனைத் தலைவிதி என்று பொறுத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. தவறிய குத்தின் விலை வலி மட்டுமன்று. துளைபட்ட சிரையில் அவ்விடத்துக்குக் கீழே உடனே மற்றொரு குழல் பொருத்தினால், மேலேயுள்ள துளை வழியே மருந்து கசியும். அதனால் ஒரு தவறு ஒரு சிரையின் நீண்ட பகுதியையே சில நாட்களுக்குப் பயனற்றதாக்குகிறது. கடுமையான நோய்த்தொற்றில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் உடலில் சேர வேண்டும். சிரை தேடுவதிலேயே அந்த நேரம் கரைந்துவிடக்கூடும். இன்னொன்றையும் என் பணியில் கண்டிருக்கிறேன். ஊசிக்கு அஞ்சியே அடுத்த கீமோவுக்கு வராமல் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

திரையில் சிரை எவ்வாறு தெரிகிறது?

வயிற்று ஸ்கேனில் பயன்படும் அதே தொழில்நுட்பம்தான் இது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அலைகளைக் கருவியின் முனை தோலின் வழியே அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலி படமாகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

இரத்தக் குழாயின் குறுக்குவெட்டு, திரையில் கரிய வட்டமாகத் தோன்றும். சிரையும் கரிய வட்டம்தான், தமனியும் கரிய வட்டம்தான். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் கருவி முனையால் இலேசாக அழுத்திப் பார்ப்பார். சிரை உடனே நசுங்கி மறையும். தமனி நசுங்காமல் துடித்துக்கொண்டிருக்கும். நசுங்காத சிரை ஒன்று தென்பட்டால் அதனுள் இரத்தம் உறைந்திருக்க வாய்ப்புண்டு. அதனை விட்டுவிட்டு வேறு சிரை பார்க்கப்படும். விரலால் தடவிப் பார்க்கும்போது இத்தகவல்களில் பெரும்பாலானவை கிடைப்பதில்லை.

முன்கையில் நல்ல சிரை அகப்பட்டால் அதுவே முதல் தேர்வு. அங்கே இல்லையெனில், முழங்கைக்கு மேல் புயத்தின் உட்புறத்தில் ஓடும் பெரிய சிரை தேடப்படுகிறது. பலமுறை குத்தப்பட்டவர்களிடத்திலும் அச்சிரை பெரும்பாலும் கைபடாமலே இருக்கும். அமெரிக்காவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில், வழக்கமான முறையில் சிரை கிடைக்காத சுமார் 100 நோயாளிகளுக்கு இவ்வாறு புயச் சிரைகளில் குழல் பொருத்திப் பார்த்து 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேருக்கு அது வெற்றியாயிற்று. கழுத்துச் சிரையில் மையக் குழல் பொருத்துவதற்கு மீயொலியைப் பயன்படுத்தும்படி பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நிறுவனம் 2002இல் பரிந்துரைத்தது. கைச் சிரைக்கும் இந்நுட்பம் பரவலானது அதன்பின்தான்.

செய்யும்போது என்ன நடக்கும்?

நீங்கள் படுத்திருக்க, கை பக்கவாட்டில் நீட்டப்பட்டு உள்ளங்கை மேல்நோக்கி வைக்கப்படும். மேல்புயத்தில் இறுக்குப் பட்டை கட்டப்படும். முதலில் ஊசியின்றிக் கருவியால் மட்டும் இரு கைகளையும் பார்த்து, எந்தச் சிரை, எவ்வளவு ஆழம், அருகில் தமனியோ நரம்போ உள்ளதா என்று கணிப்பார்கள். இந்தத் தேடுதலுக்குச் சில நிமிடங்கள் ஆகும். ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு ஊசி போடாமல் நிற்கிறார்களே என்று உடனிருப்போர் பொறுமை இழக்க வேண்டாம். நேரத்தை இங்கே செலவிட்டால்தான் குத்துகள் குறையும்.

பிறகு தோல் கிருமிநாசினியால் துடைக்கப்படும். கருவி முனைக்குத் தூய்மையான உறை இடப்பட்டு, தூய்மையாக்கப்பட்ட ஜெல் தடவப்படும். அது குளிர்ச்சியாக இருக்கும். வழக்கத்தைவிடச் சற்று நீளமான ஊசிக்குழல் எடுக்கப்படும். ஊசியின் நுனி திரையில் சிறு வெண்புள்ளியாகத் தெரியும். அப்புள்ளி கரிய வட்டத்தின் நடுவில் வரும் வரை மருத்துவரின் கண் திரையில்தான் இருக்கும். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ஊசி ஆழமாகச் செல்வதால் வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தேவைப்பட்டால் தோலில் மரப்பு மருந்து கேட்கலாம். இறுதியில் சிறிது உப்பு நீர் செலுத்திச் சரிபார்த்து, உள்ளே தெரியும்படியான ஒட்டுப்படலம் ஒட்டப்படும்.

இதற்கிடையில் கை முழுவதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்ற வலி விரல்வரை ஓடினால், பல்லைக் கடித்துப் பொறுக்காமல் அக்கணமே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் குறிப்பிட்ட வேறுபாடு இங்குதான் முக்கியமாகிறது. புயத்தின் உட்புறத்தில் சிரையும் தமனியும் உண்மையான நரம்பும் அருகருகே ஓடுகின்றன. ஊசி நரம்பைத் தீண்டினால் அதனை முதலில் அறிபவர் நீங்கள்தான். திரை சொல்லும் முன்னரே உங்கள் கை சொல்லிவிடும்.

இம்முறையின் குறைகள்

சிரையைக் கண்டு குத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் பணியாளர்களிடமும் உண்டு. இக்குழல்கள் வழக்கமானவற்றைவிட விரைவில் நழுவக்கூடியவை. காரணம் எளிய கணக்கு. வார்டில் பெரியவர்களுக்குப் போடும் இளஞ்சிவப்பு நிற ஊசிக்குழலின் நீளம் சுமார் 3 செ.மீ. சிரை 1.5 செ.மீ. ஆழத்தில் இருந்து, ஊசி 45 பாகை சாய்வில் சென்றால், சிரையை அடைவதற்குள்ளேயே 2 செ.மீ.க்கு மேல் தீர்ந்துவிடும். சிரைக்குள் இருப்பது ஒரு செ.மீ.க்கும் குறைவு. கையை மடக்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். குழலின் பாதிக்கு மேல், இயன்றால் மூன்றில் இரு பங்கு, சிரைக்குள் இருப்பது நல்லது. நீளமான குழல் தேவை என்று மேலே சொன்னது இதற்காகவே. நீளமான குழல் இருப்பில் இல்லாத இடத்தில், மிக ஆழமான சிரையை நாடுவதைவிடச் சற்று மெல்லியதாயினும் மேலோட்டமான சிரையைத் தேர்வது மேல் என்பது என் கருத்து.

மற்றொரு குறை கவனிக்கத்தக்கது. புறங்கையில் குழல் நழுவினால் வீக்கம் உடனே தெரியும். புயத்தில் ஆழமாக நழுவினால், தசைக்கும் கொழுப்புக்கும் இடையே கணிசமான திரவம் தேங்கிய பின்னரே வெளியில் தெரியும். கீமோ மருந்துகள், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள், கால்சியம், செறிவான குளுக்கோஸ் ஆகியவை இவ்வாறு கசிந்தால் திசு அழியக்கூடும். எனவே இத்தகைய மருந்து நீண்ட நேரம் செல்ல வேண்டியவருக்கு, ஆழச் சிரையில் பொருத்திய குழல் போதுமா, மையக் குழல் தேவையா என்று மருத்துவர் தனியே முடிவு செய்வார்.

சிறுநீரக நோயாளிகளின் கவனத்துக்கு

சிறுநீரகச் செயல்பாடு குறைந்து வருபவர்களுக்கு இம்முறையே தீங்காகக்கூடும். அவர்களுக்கு ஒருநாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்கப்படும். முன்கையிலும் புயத்திலும் உள்ள நல்ல சிரைகளே அதற்கு மூலதனம். இன்று ஒரு பாட்டில் திரவத்துக்காக அச்சிரையில் குழல் பொருத்தி, அது இறுகிப் போனால், நாளை ஃபிஸ்டுலா அமைக்க இடமிருக்காது. திரையில் பளிச்சென்று தெரியும் பெரிய சிரை, இவர்களைப் பொறுத்தவரை தொடக்கூடாத சிரையாக இருக்கலாம்.

உங்கள் குடும்பத்தில் கிரியேட்டினின் உயர்ந்த ஒருவர் இருந்தால், எந்த மருத்துவமனையில் எந்த நோய்க்காகச் சேர்த்தாலும், "இவருக்குச் சிறுநீரகக் கோளாறு உள்ளது, புறங்கையில் மட்டும் போடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எழுதும் கைக்கு மறு கையைக் காப்பது மேலும் நல்லது. ஃபிஸ்டுலா பெரும்பாலும் அங்குதான் முதலில் அமைக்கப்படும். ஏற்கெனவே ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசிக்குழல், இரத்தப் பரிசோதனைக் குத்து, இரத்த அழுத்தப் பட்டை எதுவும் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்டவர்களும் அந்தக் கையைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு

கொழுகொழுவென்று இருக்கும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குச் சிரை தேடுவது கடினம். மீயொலி இவர்களுக்கும் பயன்படும். ஆனால் சிரை மிகச் சிறியது, குழந்தையும் அசையும் என்பதால் மிகுந்த பயிற்சி தேவை. சில இடங்களில் சிரையைத் தோலின் மேல் நிழல்போல் காட்டும் ஒளிக்கருவி உள்ளது. அது மேலோட்டமான சிரைகளை மட்டுமே காட்டும், ஆழத்தை அளக்காது. அவசரமில்லாத நேரத்தில் மரப்புக் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவி வைக்கும்படி கேட்கலாம். தாய் அல்லது தந்தை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது எந்தக் கருவிக்கும் குறைந்த உதவியன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் சிரை தேடி நேரம் போக்காமல், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி செலுத்தித் திரவமும் மருந்தும் கொடுப்பார்கள். பெற்றோருக்கு அதைப் பார்ப்பது அதிர்ச்சியாக இருக்கும். அது முறையான, உயிர்காக்கும் சிகிச்சை; தடுக்காதீர்கள்.

முதல் குத்துக்கு முன்பே சொல்லுங்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், அது இதுவாக இருக்கட்டும். மீயொலிக் கருவி பெரும்பாலும் ஐந்தாறு முறை தவறிய பிறகே கொண்டுவரப்படுகிறது. அதற்குள் இருந்த சிரைகளும் கெட்டிருக்கும். தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் ஒரே குத்தில் முடிந்திருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், இரவுப் பணியில், அடிக்கடி சிகிச்சைக்கு வரும் ஓர் அம்மையார் செவிலியரிடம், "சிஸ்டர், அங்க தேடாதீங்க. போன தடவை இந்தப் பக்கம் ஸ்கேன் வச்சுத்தான் கிடைச்சுது" என்று தம் வலது புயத்தைக் காட்டினார். நானும் அதைக் கேட்டேன். ஆயினும் அவசரத்தில் முன்கையிலேயே இருமுறை முயன்று தவறினேன். பிறகு அவர் காட்டிய இடத்திலேயே கிடைத்தது. தம் சிரையைப் பற்றி நோயாளி சொல்வது மருத்துவக் குறிப்புக்கு நிகரானது என்பதை அன்று கற்றேன்.

எனவே, முன்பு இரண்டுக்கு மேற்பட்ட குத்துகள் தேவைப்பட்டதா, கடைசியாக எந்த இடத்தில் கிடைத்தது, ஸ்கேன் தேவைப்பட்டதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியுடன் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரே சம்மரியில் ஒரு வரி எழுதித் தந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவின் சிரைவழிச் சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஒருவர் இருமுறைக்கு மேல் முயலக்கூடாது. அனைவரும் சேர்ந்து நான்கு முறைக்கு மேல் போகக்கூடாது. இரண்டாம் முறை தவறியதும், "வேறு யாராவது பார்க்க முடியுமா? ஸ்கேன் வைத்துப் போட வசதி இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல செவிலியரும் அதனால் வருந்தமாட்டார்.

இன்னொரு கேள்வியையும் கேட்கத் தயங்காதீர்கள்: இந்த ஊசிக்குழல் உண்மையில் தேவையா? களைப்பாக இருக்கிறது, ஒரு பாட்டில் ஏற்றுங்கள் என்று நோயாளிகளே வற்புறுத்துவதை வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் காண்கிறோம். 500 மி.லி. அளவுள்ள 5 விழுக்காட்டுக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு தேக்கரண்டி. வாயால் குடிக்க முடிந்தவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் கஞ்சியும் அதைவிடப் பயன் தரும். மாத்திரையாகக் கொடுக்கக்கூடிய மருந்துக்கும் இதே விதிதான்.

எல்லா இடங்களிலும் கிடைக்குமா?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசர சிகிச்சை, மயக்கவியல், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கருவியும் பயிற்சி பெற்றவரும் இருக்கும் வாய்ப்பு அதிகம். சிறிய மருத்துவமனைகளில் இரண்டில் ஒன்று இல்லாமலிருக்கலாம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி, நம் நாட்டில் மீயொலிக் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்ற வளாகத்தை விட்டு அவற்றை விருப்பம்போல் வெளியே எடுத்துச் செல்ல இயலாது. வீட்டுக்கு வரும் செவிலியர் கையடக்கக் கருவியுடன் வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. கருவி இல்லாத இடத்திலும் சில எளிய வழிகள் உதவும்: கையை இதமான சூட்டில் வைத்தல், சிறிது நேரம் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுதல், தடையில்லையெனில் முன்கூட்டியே போதிய நீர் அருந்துதல்.

பொருத்திய பின்

குழல் உள்ள கையை மற்றக் கையுடன் ஒப்பிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதல் நாளில் கூடுதல் கவனம் தேவை. புயம் தடித்தோ, இறுகியோ, குளிர்ந்தோ, எரிந்தோ காணப்பட்டால், அல்லது சொட்டு தானாகவே மெதுவானால், உடனே செவிலியரை அழையுங்கள். பேச இயலாத முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உடனிருப்பவரின் கண்தான் காவல். சொட்டு வேகத்தை நீங்களே கூட்ட வேண்டாம். அந்தக் கையை ஊன்றி எழவோ, இறுக மடக்கவோ வேண்டாம். குளிக்கும்போது ஒட்டுப்படலம் நனையாமல் உறையிட்டுக்கொள்ளுங்கள். ஓரம் பிரிந்தால் மேலே வேறு பிளாஸ்திரி ஒட்டாமல் மாற்றச் சொல்லுங்கள்.

குழல் தேவையில்லை என்றான அன்றே அகற்றப்பட வேண்டும். மீண்டும் தேவைப்பட்டால் கிடைக்காதே என்ற அச்சத்தில் அப்படியே விட்டுவைப்பது நோய்த்தொற்றுக்கு இடம் தரும். அகற்றியதும் பஞ்சு வைத்து இரண்டு மூன்று நிமிடங்கள் அழுத்துங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் இன்னும் சற்று நேரம் அழுத்த வேண்டும். வீடு திரும்பிய பின் அவ்விடம் சிவந்து சூடானாலோ, சிரை கயிறுபோல் தடித்து வலித்தாலோ, கை முழுவதும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அதே மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று, குழல் எந்த இடத்தில், எத்தனை நாள் இருந்தது என்பதையும் கூறுங்கள்.